கற்பிக்கக் கற்றவர்

தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தல் நற்செயல். பிறர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கலையைப் புதிதாக முயன்று கற்றல் அதனினும் அரிய செயல். அவ்வாறு கற்கத் தொடங்கி, உலகறிந்த அறிஞராக உயர்ந்தவர் ராபர்ட் ஆண்ட்ரூஸ் மில்லிகன்.

மில்லிகன் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த மாரிசன் என்னும் ஊரில் 1868ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் கிறித்தவ சமய போதகர். மில்லிகன் ஐயோவா மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அங்கே பௌதிகம் கற்பித்தவருக்கு அக்கலையில் ஈடுபாடு இல்லை. கவைக்குச்சியைக் கையிற் பிடித்துக்கொண்டு நிலத்தடி நீரைத் தேடித் திரிவதில் அவர் கோடை விடுமுறையைக் கழிப்பார். ஒலி அலைகளாகப் பரவுகிறது என்று பாடநூல் கூறியதை அவரே நம்பவில்லை. ஆசிரியர் நம்பாத பாடம் மாணவர் உள்ளத்தில் எங்ஙனம் வேரூன்றும்?

1886ஆம் ஆண்டில் மில்லிகன் ஒகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் சில வாரங்களே நடந்த பௌதிக வகுப்பு அவருக்குப் பயன் தரவில்லை. கிரேக்க மொழியிலும் கணக்கிலுமே அவர் சிறந்து விளங்கினார்.

அக்கல்லூரியைச் சார்ந்து ஒரு பள்ளியும் இருந்தது. கல்லூரிப் படிப்புக்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது அதன் பணி. அங்கே பௌதிகம் கற்பிக்க ஒருவர் தேவைப்பட்டார். 1889ஆம் ஆண்டில் கிரேக்கப் பேராசிரியர் பெக் என்பார் மில்லிகனை அழைத்து, அப்பொறுப்பை ஏற்குமாறு கேட்டார். மில்லிகன் திகைத்தார், தமக்குப் பௌதிகமே தெரியாது என்று உண்மையை உரைத்தார். கிரேக்கத்தை இவ்வளவு நன்றாகக் கற்றவரால் பௌதிகத்தையும் கற்பிக்க இயலும் என்று பேராசிரியர் கூறினார். விளைவுக்குப் பொறுப்பு பேராசிரியருடையதே என்று சொல்லி, மில்லிகன் இசைந்தார்.

இசைந்தபின் அவர் வாளா இருக்கவில்லை. வகுப்பில் மாணவர் வினவும்போது விடையின்றி நிற்பது எத்துணை இழிவு என்பதை அவர் அறிவார். ஏவரி என்பவர் எழுதிய பௌதிக நூலை வாங்கினார். கோடை விடுமுறை முழுவதும் அதனோடு போராடினார். அதிலுள்ள கணக்குகளில் ஒன்றையும் விடாது தாமே செய்து பார்த்தார். விடுமுறை முடிந்ததும் துணிவுடன் வகுப்பினுள் நுழைந்தார். மாணவரினும் ஓரடி முன்னே நிற்க வேண்டும் என்ற ஆர்வம் அவரை நாள்தோறும் உந்தியது. அவ்வார்வம் மாணவரையும் பற்றிக்கொண்டது. அவ்வாண்டிற் கற்பித்ததைவிடச் சிறப்பாகத் தாம் பின்னர் என்றும் கற்பித்ததில்லை என்றே முதுமையிலும் அவர் எண்ணினார்.

1891இல் பட்டம் பெற்ற பின்னும் ஈராண்டுகள் அவர் அங்கேயே கற்பித்தார். பிறகு கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்று, 1895இல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். செருமனியில் ஓராண்டு பயின்றபின், 1896இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மைக்கல்சன் என்னும் பேரறிஞரின்கீழ்ப் பணியேற்றார்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியே பெயரும் உயர்வும் தரும். எனினும் மில்லிகன் தம் காலத்தின் பெரும்பகுதியைக் கற்பித்தலிலும் பாடநூல் எழுதுவதிலும் செலவிட்டார். கேல் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய உயர்நிலைப் பள்ளிப் பௌதிக நூல் 1906இல் வெளிவந்தது. செய்முறை நூல் ஒன்றும் அதனுடன் அமைந்தது. தாம் இளமையில் பெறாத நல்ல பாடம் பிற சிறுவர்க்குக் கிட்ட அவை உதவின. ஆயினும் நாற்பது வயதை நெருங்கியபோது, அவர் பெயர் சொல்லத்தக்க பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

அந்நிலையில் அவர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க முற்பட்டார். இரண்டு உலோகத் தட்டுகளுக்கிடையே நுண்ணிய எண்ணெய்த் துளிகளை விழச் செய்தார். புவியீர்ப்பு துளியைக் கீழே இழுக்கும். மின்விசை அதனை மேலே தூக்கும். சிறு தொலைநோக்கி வழியே துளியின் வேகத்தை அளந்தால், அதன் மின்னூட்டத்தைக் கணக்கிடலாம். பிளெச்சர் என்னும் மாணவரும் இவ்வாய்வில் உடனுழைத்தார். துளிகளின் மின்னூட்டம் எப்பொழுதும் ஒரே சிற்றளவின் முழு மடங்காகவே இருக்கக் கண்டனர். 1913இல் மில்லிகன் வெளியிட்ட அளவுக்கும் இன்று ஏற்கப்பெற்ற அளவுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. இதற்காகவும், ஒளிமின் விளைவை ஆராய்ந்ததற்காகவும் 1923இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. கலிபோர்னியாவில் பல்லாண்டுகள் பணிபுரிந்து, 1953ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

மொழியாசிரியர் ஒருவர் தம் மாணவரின் ஆற்றலை உணர்ந்து அழைத்தார். மாணவரோ அறியாமையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதனை உழைப்பால் நீக்கினார். பள்ளி ஒன்றுக்கு ஆசிரியர் கிடைத்தார்; உலகுக்கு விஞ்ஞானி கிடைத்தார். மாணவர்களே! சிறுவர்க்குக் கற்பிக்குமாறு நாளை உங்களுள் ஒருவரையும் ஓர் ஆசிரியர் அழைக்கக்கூடும். தெரியாதே என்று அஞ்சிப் பின்வாங்காதீர்கள். ஒரு கணக்கையும் விடாமல் செய்து பார்த்த அந்தக் கோடை விடுமுறையை நினைத்துக்கொள்ளுங்கள்.