ஜிம் கிளார்க்

வீரமும் அடக்கமும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் அரிது. அவ்விரண்டும் அமையப்பெற்ற மோட்டார்ப் பந்தய வீரர் ஜிம் கிளார்க் என்பார்.

இவர் ஸ்காட்லாந்து தேசத்துக் கில்மேனி என்னும் ஊரில் 1936ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேளாண் தொழிலினர். நான்கு பெண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே மகனாதலின், குடும்பத்தார் பண்ணைக்கு இவரையே நம்பியிருந்தனர். இவரும் பதினாறாம் வயதிற் பள்ளியை விட்டு, டன்ஸ் நகருக்கு அணித்தான எடிங்டன் மெயின்ஸ் பண்ணையில் உழவும் ஆடு வளர்ப்பும் மேற்கொண்டார். பந்தயத்தைப் பெற்றோர் விரும்பிலர். அவர்தம் அச்சம் வீணன்று. 1960இல் இவர் ஓடிய பெல்ஜியப் பந்தயத்தில் இருவர் மாண்டனர். 1961இல் மான்சா நகரில் இவர் வண்டியோடு மோதிய வண்டி சிதறி, அதனைச் செலுத்தியவரும் பார்வையாளர் பலரும் உயிர் துறந்தனர். கிளார்க் பெரிதும் மனம் நொந்தார்; எனினும் பந்தயத்தைத் துறந்தாரில்லை.

1963இலும் 1965இலும் உலக வாகை இவருடையதாயிற்று. ஆயினும் பொதுமக்கள் இவரை மிக நெருங்கிக் கண்டது சலூன் கார்ப் பந்தயங்களிலேயாம். தாம் தெருவிற் காணும் வண்டிகளன்றோ அங்கு ஓடின! இவர் செலுத்திய லோட்டஸ் கார்ட்டினா 1558 கன சென்டிமீட்டர் எஞ்சின் உடையது. எதிர்த்த ஃபோர்டு கேலக்ஸியின் எஞ்சினோ 7 லிட்டர். நேர்ப்பாதையில் பெரிய வண்டி முந்தும். வளைவிலோ, உட்புற முன்சக்கரம் நிலந்தீண்டாது மேலெழ, கிளார்க் அதனை நெருங்குவார். எஞ்சின் அளவால் வகுத்த பிரிவுதோறும் புள்ளிகள் வழங்கப்பட்டமையின், சிறு வண்டிக்கும் பட்டம் எட்டக்கூடியதாயிருந்தது. 1964ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சலூன் கார்ப் பட்டத்தை இவர் வென்றார்.

பாதையில் இமைப்பொழுதில் துணியும் இவர், புறத்தே சிறு காரியத்திற்கும் தயங்கி நகங்கடிக்கும் இயல்பினர். புகழுரை கேட்க நாணுபவர்.

1968 ஏப்பிரல் 7ஆம் நாள் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் களத்தில் இவர் வண்டி பாதை விலகி மரங்களில் மோதிற்று. முப்பத்திரண்டு வயதில் பெற்றோர் அஞ்சியதே நேர்ந்தது. சர்ன்சைடு ஊரிலுள்ள கல்லறைக் கல்லில் உழவர் என்பது முதலிலும், உலக வாகையர் என்பது பின்னரும் பொறிக்கப்பட்டுள்ளன. புகழின் உச்சியிலும் தம் மண்ணை மறவாத ஒருவர்க்கு அவ்வரிசையே பொருத்தமாம்.