மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை: நீதிபீடத்திலும் எழுத்திலும் ஒரே விசுவாசம்



ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு, சாமியாரிடம் ஆசீர் பெற்று, மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். மறுநாள் காலையில் கடையிலோ அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ போய் அமர்ந்ததும், நேற்றைய விசுவாசம் நம்மோடு வந்திருக்கிறதா, அல்லது கோவில் வாசலிலேயே நின்றுவிட்டதா? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலே பதில் சொன்ன ஒரு கத்தோலிக்கரைப் பற்றி இந்த வாரம் அறிந்துகொள்வோம். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். நம்மைப்போல் குடும்பமும் உத்தியோகமும் கவலையும் உடைய இல்லறத்தார். தமிழில் முதல் நாவலை எழுதியவர் என்று நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிற மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான் அவர்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரி அம்மாள். இப்பெயர்களே அது எப்பேர்ப்பட்ட வீடு என்பதைச் சொல்லிவிடும். திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அந்நாளில் ஆங்கிலம் படித்தவர்களிற் பலர் தாய்மொழியை மறந்தார்கள். இவரோ ஆங்கிலத்தை வயிற்றுப் பிழைப்புக்கு வைத்துக்கொண்டு, தமிழை உயிராக வைத்துக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும் நீதிமன்றத்தில் பதிவேடுகளைக் காக்கும் வேலை கிடைத்தது. பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆனார். அதன்பின் முன்சீப் பதவிக்கு உயர்ந்து, தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளித்தார். மாயூரத்தில் மட்டும் ஏறக்குறைய 13 ஆண்டுகள் இருந்தபடியால் அந்த ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் வேலை அந்நாளில் பெரிய சோதனையான வேலை. நிலத் தகராறு, பாகப்பிரிவினை, கடன் பத்திரம் என்று வருகிற ஒவ்வொரு வழக்கிலும் பணம் ஒரு கையில் நீளும், சிபாரிசு மறு கையில் நீளும். வேதநாயகம் பிள்ளை இரண்டையும் தொடவில்லை. அதோடு நிற்கவுமில்லை. 1859-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நீதிநூல் என்ற செய்யுள் நூலில் பொய்யையும் களவையும் கைக்கூலியையும் கண்டித்துப் பாடினார். நீதிபதியாக இருந்துகொண்டே லஞ்சத்தைக் கண்டித்து ஊரறியப் பாடுகிறவன், தானே தனக்கு வேலி போட்டுக்கொள்கிறான். பிறகு அவன் வழுக்கினால் ஊர் சிரிக்கும் அல்லவா?

ஏழைகள் சட்டம் தெரியாமல் ஏமாறுகிறார்கள் என்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. 1805 முதல் 1861 வரை உயர்ந்த நீதிமன்றம் ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். பகலெல்லாம் நீதிமன்றத்தில் இருந்துவிட்டு இரவில் விளக்கடியில் செய்த வேலை இது. இதனால் அவருக்குச் சம்பளம் கூடவில்லை. வழக்காட வந்த குடியானவனுக்கோ தன் நியாயம் இன்னதென்று தன் மொழியில் தெரிந்துகொள்ள ஒரு வழி திறந்தது.

பெண்மக்கள் எழுத்தறியாமல் இருக்கிறார்களே என்ற துயரமும் அவரை வாட்டியது. 1869-ஆம் ஆண்டையொட்டி பெண்மதி மாலை என்ற பாட்டு நூலையும், பெண் கல்வியைப் பற்றிய உரைநடையையும் எழுதினார். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று பெரிய மனிதர்களே கேட்ட காலம் அது. ஆண்டவர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதமான ஆத்துமாவைக் கொடுத்திருக்க, அறிவை மட்டும் ஒரு பக்கத்துக்குப் பூட்டி வைப்பது நியாயமா என்பதே அவருடைய எண்ணத்தின் சாரம்.

மாயூரத்தில் அவருக்கு வாய்த்த நட்புகள் வியப்பானவை. திருவாவடுதுறை ஆதீன வித்துவானான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். சைவத்தில் ஊறிய அப்பெரும் புலவர், கத்தோலிக்கராகிய இவரைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை என்ற நூலையே பாடினார். உ. வே. சாமிநாதையரும் இளம் மாணாக்கராக அங்கிருந்த நாளில் இவரைக் கண்டு பழகியவர். நம் புதுவைக்கும் இதில் பங்குண்டு. புதுவைக் கத்தோலிக்கப் புலவரான சவராயலு நாயகர் அதே மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர். அவர் பெயரைத் தாங்கிய அரசினர் பெண்கள் பள்ளியை நம் ஊரார் அறிவர். பிற மதத்தாரோடு உண்மையான நட்புக் கொள்வதற்காக வேதநாயகம் பிள்ளை தம் வேதத்தை மறைத்துக்கொள்ளவில்லை. தம் வேதத்தைக் காப்பதற்காக நட்பை விலக்கவுமில்லை.

இப்படி நேர்மையாக நடந்தவருக்கு உலகம் பூமாலை போட்டதா? இல்லை. அவர் உடல்நலம் குன்றியிருந்த ஒரு சமயம், ஊருக்கு வந்த மேலதிகாரியை நேரில் போய்க் கண்டு மரியாதை செய்யவில்லை என்பது குற்றமாயிற்று. அந்த மனத்தாங்கல் வளர்ந்து, 1872-ஆம் ஆண்டு அவர் வேலையை விட்டு ஓய்வு பெற நேர்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 46. கைகால் ஓயாத வயது, குடும்பம் பெரியது. மனைவியை இழந்து துக்கப்படும் துன்பத்தையும் அவர் வாழ்நாளில் ஒருமுறை அல்ல, பலமுறை அனுபவித்தார். இத்தனைக்கும் மேல் இந்த அவமானம்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அநியாயமாகத் தள்ளப்பட்டவன் என்ன செய்வான்? மனம் கசந்து போவான். இத்தனை நாள் நேர்மையாக இருந்து என்ன கண்டேன் என்று சர்வேசுரன்மேலேயே குறைப்படுவான். வேதநாயகம் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? அடுத்த ஆண்டாகிய 1873-இல் அவருடைய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம் என்பவை அவை. நான்கும் பக்திப் பாடல்கள். தம்மைத் தள்ளியவர்களைத் தூற்ற அவர் பேனாவை எடுக்கவில்லை. ஆண்டவருடைய அருளையும் தேவமாதாவின் அடைக்கலத்தையும் பாட எடுத்தார். மனிதர் பூட்டிய கதவுக்கு எதிரே சர்வேசுரன் வேறொரு கதவைத் திறந்தார். வேலை போயிராவிட்டால் தமிழுக்கு அவர் எழுதிய நாவல்கள் கிடைத்திருக்குமோ என்னவோ!

பிறகு வந்தது கொடிய பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டன்மார் வழியாகக் கேட்டிருக்கிறோம். வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோவில் எழும்பிய அதே காலம் அது. அந்நாளில் வேதநாயகம் பிள்ளை உத்தியோகம் இல்லாதவர். இருந்தும் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். சாதி பார்க்கவில்லை, வேதம் பார்க்கவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைக் கண்டு மனமுருகி இவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். திருவாவடுதுறை ஆதீனகர்த்தரான சுப்பிரமணிய தேசிகர் பஞ்சத்தில் செய்த அறத்தை வேதநாயகம் பிள்ளையும் வாயாரப் பாடிப் போற்றினார். நல்லது யார் செய்தாலும் நல்லது என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அது.

1878-இல் வெளிவந்த சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் இந்த மனத்தின் கனியே. இன்றும் சங்கீதக் கச்சேரிகளில் பாடப்படும் அப்பாட்டுகளைக் குறித்துச் சிலருக்கு ஐயம் எழலாம். கத்தோலிக்கர் ஒருவர் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகப் பாடலாமா, அது விசுவாசத்தில் தளர்ச்சி ஆகாதா என்று. அவர் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித் தம் வேதத்தை விட்டவர் அல்லர். தேவமாதாவுக்கு அந்தாதி பாடியவர் அவர்தான். தம் இறுதி ஆண்டாகிய 1889-இல் சத்திய வேதக் கீர்த்தனைகளை வெளியிட்டவரும் அவர்தான். உலகத்தைப் படைத்துக் காக்கும் ஒரே கடவுளை அண்டை வீட்டாரும் தம்மோடு சேர்ந்து துதிக்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

இனி அவருடைய புகழ்பெற்ற நாவலுக்கு வருவோம். 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாயிற்று. தமிழில் செய்யுள் நூல்கள் குவிந்து கிடக்க, வசனத்தில் படிக்கத்தக்க கதைகள் இல்லையே என்ற குறையைத் தீர்க்கவே இதை எழுதியதாக முகவுரையில் அவர் தெரிவிக்கிறார். தாம் நீதிநூலில் பாட்டாகச் சொன்னதைக் கதையில் நடமாடும் மனிதர்களாகக் காட்டுவதும் அவர் நோக்கம்.

கதையைச் சொல்பவன் பிரதாப முதலி. கதையைத் தாங்குபவளோ அவன் மனைவி ஞானாம்பாள். கணவன் ஒரு யானையால் தொலைதூரம் கொண்டுபோகப்பட்டு, விக்கிரமபுரி என்ற ஊரில் அகப்பட்டுக்கொள்கிறான். அங்கே செருப்புத் தைப்பவன் ஒருவனுக்கு, வேலையை முடித்துக் கொடுத்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று வாய்தவறி வாக்குக் கொடுத்துவிடுகிறான். எவ்வளவு கொடுத்தாலும் தனக்குச் சந்தோஷமில்லை என்று அவன் வழக்குத் தொடுக்க, பிரதாப முதலி சிறைப்படுகிறான். கணவனைத் தேடி ஆண் வேடத்தில் வந்த ஞானாம்பாளைப் பட்டத்து யானை மாலையிட்டு அரசனாக்குகிறது. அவள் நீதியாசனத்தில் அமர்ந்து, புதிய அரசர் பட்டம் சூடியதில் உனக்குச் சந்தோஷந்தானா என்று அவனைக் கேட்கிறாள். சந்தோஷமே என்கிறான் அவன். அப்படியானால் கடன் தீர்ந்தது என்று கணவனை விடுவிக்கிறாள். சிரிப்பை வரவழைக்கும் இந்தக் கதையில், முன்சீப் ஒருவரின் நீண்டகால அனுபவமும், பெண் அறிவிற் குறைந்தவள் அல்லள் என்ற உறுதியும் சேர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

நீதிமன்றத்தில் தமிழ்க் குடிகளின் வழக்கு அவர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் நடப்பது எவ்வளவு அநியாயம் என்பதையும் அவர் இக்கதையில் எடுத்துரைக்கிறார். கதையின் நடுவே கிளைக்கதைகளும் உபதேசங்களும் அதிகம் என்று பிற்காலத்தார் குறை சொன்னதுண்டு. அதுவும் உண்மையே. ஆனால் முதன்முதலில் பாதை வெட்டுகிறவன் கையில் கல்லும் முள்ளும் தட்டாமல் இருக்குமா? 1887-இல் அவர் எழுதிய சுகுண சுந்தரி என்ற இரண்டாவது நாவல், அரசகுமாரியின் கதையினூடே பாலிய விவாகத்தின் கேட்டைக் காட்டியது. கதாபாத்திரங்கள் இந்துக்களாகவும் அரசர்களாகவும் இருந்தாலும், தெய்வபயமும் உண்மையும் கற்பும் ஈகையும் கதையெங்கும் ஓடுகின்றன. பிரசங்கம் கேட்க வராதவர்களும் கதை கேட்க வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம் 62-ஆம் வயதில் அவர் ஆண்டவரில் துயில் கொண்டார்.

பிரியமான பெற்றோரே, இந்த வாழ்க்கை நம் வீட்டுக்குள் சில கேள்விகளைக் கொண்டுவந்து வைக்கிறது. அலுவலகத்தில் மேசைக்கடியில் நீளும் கையைக் காணும்போது நாம் யாராக இருக்கிறோம்? மகனுக்குக் கொடுக்கும் படிப்பையும் உரிமையையும் மகளுக்கும் கொடுக்கிறோமா? அண்டை வீட்டு இந்துவும் முஸ்லீமும் நம்மைப் பற்றி என்ன சொல்லுவார்கள்? எல்லாவற்றிலும் மேலாக, அநியாயமாய் நமக்கு ஒரு கதவு அடைபடும்போது நம் வாயிலிருந்து வருவது வசைமொழியா, தேவமாதாவின் துதியா?

இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும், வீட்டில் பெரியவர் ஒருவர் வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லட்டும். முடிந்தால் பிரதாப முதலியார் சரித்திரத்தை வாங்கி, நாளுக்கு ஓர் அதிகாரமாக வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே நல்லதைக் கற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விசுவாசம் திங்கட்கிழமைக்கும் வந்து சேர, தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.