ரிக்மன்ஸ்வேர்த்தில் பிறந்த ஷாங்காய் பொலிஸ்காரர்

வெம்பிளி பார்க்கில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறினால் வரும் ரிக்மன்ஸ்வேர்த்தில் 1885இல் பிறந்தவர் வில்லியம் ஃபெயர்பெர்ன். 1907இல் ஷாங்காய் மாநகரசபைப் பொலிசில் சேர்ந்தார். அந்தக் காலப் பொலிசார் வெளிச்சத்தில் நின்று, அசையாத அட்டையைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகினார்கள். சந்துகளிலோ சண்டை இருட்டில், சில அடி தூரத்தில், கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிடும். ஃபெயர்பெர்ன் படிகளும் இருட்டும் திடீரென்று எழும்பும் உருவங்களுமாக ஒரு வீட்டை அமைத்து, குறிபார்க்காமலே சுடப் பழக்கினார். பொலிஸ்காரர் உயிர் தப்பத்தான் அந்தப் பயிற்சி. எதிரே நிற்பவர்?

1925 மே 30இல் அதே பொலிஸ் நான்ஜிங் வீதியில் ஊர்வலத்தின்மேல் சுட்டுப் பலரைக் கொன்றது. அப்படியான வீதிகளைக் கண்டு வந்தவர்கள் நாங்கள். அதன் பிறகுதான் கலகங்களைக் கையாளத் தனிப்படை அமைத்தார். 1960இல் காலமானார்.

வெம்பிளியில் ரோந்து வரும் பொலிசார் அநேகமாகத் துப்பாக்கி இல்லாமலே வருகிறார்கள். எங்களுக்கு அது இன்னமும் புதினம்தான்.