மழையில் நனைந்து வாங்கிய கோப்பை

கோல்ப் துரைமார் விளையாட்டு, நமக்கென்ன என்போம். பாப்வா சியூகோலம் கதையைக் கேளுங்கள்.

1860 முதல் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தென்னாப்பிரிக்காவின் நேட்டால்தான் அவர் ஊர். எழுதப் படிக்கத் தெரியாது. டர்பனில் வெள்ளையரின் மட்டைப் பையைச் சுமந்த பையன். கற்றுக் கொடுக்க ஆளில்லை. இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்து, தலைகீழாக மட்டை பிடித்தே பழகினார். வெள்ளையரல்லாதார் அமெச்சூர் போட்டிகளில் முதல் ஆளாக வந்தார். அப்புறம் தொழில்முறை ஆட்டக்காரரானார். வேலை செய்த கம்பெனியின் முதலாளி உதவியோடு ஐரோப்பா போய், 1959இல் டச்சு ஓப்பனை வென்றார். 1960லும் 1964லும் மறுபடி அவரே!

1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பனை வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை. வெள்ளையர் கிளப்புக்குள்ளே, நிறவெறிச் சட்டத்தால் வென்றவர் வெளியே! நனைந்துகொண்டே கோப்பையை வாங்கினார். 1965இல் அதே போட்டியில் பேர்போன கேரி பிளேயரையே ஜெயித்தார். அரசாங்கம் பொறுக்குமா? உள்நாட்டில் ஆடத் தடை, பாஸ்போர்ட்டும் பறிபோனது. 1978இல் வறுமையிலேயே இறந்தார்.

தோழர்களே, திறமை மட்டும் போதாதுங்க. கதவைத் திறக்கிற சட்டமும் வேணும். அது ஒருத்தரால் ஆகிற காரியமா? கூடி நின்றால்தான் கிடைக்கும்.