தையற்பொறி வணிகர் ஐஸக் ஸிங்கர்

நம் சேதுநாட்டுக் கரையோர ஊர்களில், மகளுக்குச் சீதனமாகத் தையற்பொறி ஒன்றைக் கொடுத்தனுப்பிய இல்லங்கள் உண்டு. கருநிற மேனியிற் பொன்னெழுத்தால் ஸிங்கர் என்று பொறித்த அப்பொறியைக் காணாதார் நம்மவருள் அரியர். அப்பெயருக்குரியாரது சரிதத்தை நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதலாயினேன்.

ஐஸக் மெரிட் ஸிங்கர் என்பார் 1811-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தே, ஜெர்மனியினின்று குடியேறிய ஆலைத் தச்சர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். இளமையிலேயே வீட்டை நீங்கி, இயந்திரப் பட்டறையிற் பயின்று, பின்பு நாடகக் கூட்டத்தாரோடு வேஷங்கட்டி ஊரூராய்த் திரிந்தார். 1839-இல் பாறை துளைக்கும் பொறியொன்றை இயற்றி, அதன் உரிமையை 2,000 டாலருக்கு விற்றார். அப்பொருளும் நாடகத்திலேயே கரைந்தது.

1850-இல் பாஸ்டன் நகரிற் பட்டறையொன்றிற் கிடந்த குறையுடைய தையற்பொறியைக் கண்டு, பதினொரு நாளிற் செம்மையானதொன்றைச் சமைத்தார் என்பர். அடுத்த ஆண்டு அதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். தையற்பொறியை முதலிற் கண்டவர் இவரே என்று பலரும் எண்ணுவது பிழை. எலியாஸ் ஹோ என்பார் 1846-லேயே பட்டயம் பெற்றிருந்தார். அவர் வழக்கிட்டு வெல்ல, ஸிங்கர் 15,000 டாலர் கொடுத்துத் தீர்த்தார்.

மனைவி ஊசியோடு வருந்துதல் பொறாது, அன்பினால் இப்பொறியை ஆக்கினார் என்றொரு கதையும் உண்டு. காந்தியடிகள் 1924-இல் இயந்திரங்களைப் பற்றி உரையாடுகையில், இக்கதையை நம்பியே தையற்பொறிக்கு விலக்களித்தார். கதை இனிது, உண்மை அதுவன்று. ஸிங்கர் நாடியது பொருளே. அவரது இல்லறம் குடும்பத்தார் படிக்கும் இப்பக்கங்களில் விரித்தற்குரியதன்று. மனைவியர் பலர், மக்கள் இருபதின்மருக்கு மேல் என்னுமளவில் நிறுத்துகின்றேன்.

அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது பொறியினும் விற்கும் முறையேயாம். பொறியின் விலை 100 டாலருக்கு மேல். அக்காலத்து அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருவாயோ ஏறத்தாழ 500 டாலர். யார் வாங்குவார்? கூட்டாளியும் வழக்கறிஞருமாகிய எட்வர்ட் கிளார்க் 1856-இல் ஒரு வழி கண்டார். 5 டாலர் கொடுத்துப் பொறியை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். எஞ்சியதை மாதத் தவணையாய்ச் செலுத்தலாம். முழுதும் தீருங்காறும் பொறி கம்பெனியாருடையது. ஊர்தோறும் ஏஜண்டுகளை அமர்த்தி, இன்ன எல்லைக்குள் விற்கும் உரிமை இன்னாருக்கே என வரையறுத்தனர். பெண்களால் இயந்திரத்தை ஓட்டல் இயலாது என்பாரை வாயடைக்க, கடையிற் பெண்களையே அமர்த்தித் தைத்துக் காட்டினர்.

தவணை முறையை வட்டிக்கடையோடொப்ப இகழ்வாருளர். யான் முற்றும் அவ்வாறு கூறேன். கணவனையிழந்தாள் ஒருத்தி தவணையிற் பெற்ற பொறி, இரவிக்கையும் பாவாடையும் தைத்துத் தன் விலையைத் தானே ஈட்டித் தரும். ஆயின் அதே முறை பின்னாளிற் குளிர்பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் மெத்தை நாற்காலிக்கும் பரவிற்று. அவை தம் விலையை ஈட்டுவனவல்ல. தவணையோ அவற்றிற்கும் ஒன்றே. கலியாணச் சீர் எழுதும்போது நம் இல்லத்தார் இவ்விரண்டையும் ஒரே நிரலில் எழுதிவிடுகின்றனர்.

பல குடும்பங்கள் வெளிப்பட்ட அவமானத்தால் 1860-இல் ஸிங்கர் ஐரோப்பாவிற்கு ஓடினார். 1863-இல் கூட்டு வாணிகம் கலைந்து கம்பெனியாயிற்று. 1875-இல் இங்கிலாந்திற் பெயின்ற்றன் என்னுமூரில் இறந்தார்.

இரண்டாண்டு கழித்து, 1877-இல், கொழும்பிற் கம்பெனியாரின் கடை திறந்தது. 1914 முதல் 1964-இன் பெரும்புயல் வரை தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னார் வழியே இலங்கைக்குச் சென்ற நம் பக்கத்தாருக்கு அப்பெயர் புதிதன்று. தையற்பொறி மட்டும் விற்ற அந்நிறுவனம், காலப்போக்கில் வீட்டுச் சாதனங்களும் மரச்சாமான்களும் விற்கும் பெருங்கடைத் தொகுதியாயிற்று. 2017-இல் ஹேலீஸ் குழுமத்தார் வசமாயிற்று. அதனைச் சார்ந்து குளிர்பெட்டி செய்யும் தொழிற்சாலைக்கு ரெக்னிஸ் என்று பெயர். ஸிங்கர் என்பதன் ஆங்கில எழுத்துக்களைக் கடையிலிருந்து படித்தால் அப்பெயரே வரும்.