உப்பளக் கரையிலிருந்து ராமானுஜன் நோட்டு வரை

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்துட்டு மேற்கே திண்டிவனம், விழுப்புரம் தாண்டினா திருக்கோவிலூர். 1910-ல் கணக்கு நோட்டோடு அங்கே வேலை கேட்டுப் போய் நின்றவர் சீனிவாச ராமானுஜன். மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு, கும்பகோணம் காலேஜ் ஸ்காலர்ஷிப்பை இழந்தவர். துணை கலெக்டர் ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். இந்த ஆளைப் போய் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஆக்க மனசு வரலை. சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவிட்டார். 1912-ல் துறைமுகத்தில் குமாஸ்தா, 1914-ல் கேம்பிரிட்ஜ், 1920-ல் 32 வயசில் மரணம்.

நோட்டில் விடைகள் கொட்டிக் கிடக்கும், நிரூபணம் இருக்காது. கேம்பிரிட்ஜில் ஹார்டி அதுக்காகவே மல்லுக்கட்டினார். பகா எண்கள் பற்றி எழுதியதில் சிலது தப்பாகவும் போச்சு. மேதைக்கே அந்த நிலைமை!

நீங்க சாஃப்ட்வேர் எழுதறவரா? அப்போ இது உங்களுக்கு. பின்னாளில் அவர் பெயர் சூட்டப்பட்ட 'ராமானுஜன் கிராஃப்'களை வைத்து அமைத்த ஒரு ஹாஷ் முறையை 2008-ல் உடைச்சுட்டாங்க. அதனால பாஸ்வேர்டை மறைக்க நீங்களா ஒரு சூத்திரம் போடாதீங்க. பலர் முட்டிப் பார்த்தும் நிற்கிற ஆர்கான்2, பிகிரிப்ட் இருக்கு. அதில் கலக்கிற 'சால்ட்', மரக்காணம் உப்பு மாதிரி எல்லா வீட்டுக்கும் ஒண்ணா இருக்கக் கூடாது. ஒவ்வொரு பயனருக்கும் புதுசா, ராண்டமா வரணும். அப்போதான் ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வச்சாலும், டேட்டாபேஸைத் திருடினவனுக்கு அது தெரியாது.