மலைநாட்டு மந்திரி பெரி சுந்தரம்

1931 ஆம் ஆண்டிலே இலங்கையில் முதன்முதலாகப் பதவியேற்ற மந்திரிமார் எழுவருள் தமிழர் ஒருவரே. அவர் யாழ்ப்பாணத்தவருமல்லர், கொழும்புச் செல்வருமல்லர். கண்டிக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள மடுல்கலைத் தோட்டப் பகுதியில் 1890 இல் பிறந்த பெரி சுந்தரம் அவர்களே அப்பெருமைக்குரியவர். கண்டியில் வளரும் நம் மாணவர் பலர் அவர் பெயரையும் கேட்டறியாதிருப்பது எமக்கு வருத்தந் தருவதாகும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவே எட்டாக்கனியாயிருந்த அக்காலத்தில், அவர் கண்டித் திரித்துவக் கல்லூரியிற் கற்று, இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகத் திரும்பினார். திரும்பியவர் பொருளீட்டுவதில் மட்டும் கருத்தைச் செலுத்தினாரல்லர். 1919 இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நிறுவியபோது அதன் காரியதரிசியானார். அந்நாளில் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் புகுவோன், தன் கடன்தொகை குறித்த துண்டொன்றைச் சுமந்து செல்லவேண்டியிருந்தது. ஆளை மாற்றினும் கடன் மாறாது. அத்துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. அதற்காக உழைத்தோருள் இவரும் ஒருவர்.

டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931 இல் நடந்த தேர்தலில் அட்டன் தொகுதி அவரைப் போட்டியின்றி அரசாங்க சபைக்கு அனுப்பியது. தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாயினார். ஆனால் அவர் பதவியேற்ற காலமோ மிகப் பொல்லாதது. உலகெங்கும் பொருளாதாரம் சரிந்து, தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றும் விலை வீழ்ந்து கிடந்தன.

அக்கால ஆட்சிமுறையை இன்றைய மாணவர்க்குச் சற்றே விளக்குதல் வேண்டும். சபை அங்கத்தவர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்திருந்தனர். குழு தன் தலைவரைத் தானே தெரிவு செய்தது, அவரே மந்திரி. ஆதலால் மந்திரி தனித்து முடிவு செய்தற்கில்லை. குழுவின் முடிவே முடிவு. எழுவரும் கூட்டாகப் பொறுப்பேற்றது ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஒன்றற்கே. திறைசேரியோ மக்கள் வாக்கால் வந்தவரல்லாத நிதிக் காரியதரிசியிடம் இருந்தது. சபை அவரைக் கேள்வி கேட்கலாம், விலக்க இயலாது. பெட்டிச் சாவி ஒருவர் கையில், பழி மற்றொருவர் தலையில்! 2022 இல் நாடு பொருளாதார வீழ்ச்சியுற்றபோது, யார் இதற்குப் பொறுப்பு என்று வீதியெங்கும் எழுந்த குரலை நாம் கேட்டோம். 1931 இன் மக்கள் அவ்வினாவை யாரிடம் கேட்டிருத்தல் கூடும்?

தோட்ட மக்கள் தம் மந்திரியிடமே கேட்டனர். 1929 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மேல்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். பெரிதன்று, ஆயினும் சட்டம் தந்த கூலி. மந்தம் வந்ததும், அரிசி விலையும் இறங்கிவிட்டதென்று காரணங் காட்டி, அச்சில்லறைக் காசிலும் கைவைத்தனர். ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து தாய்நாடு திரும்பினர். தொழிற் பகுதி பெரி சுந்தரத்தின் குழுவுக்கு உட்பட்டதாதலால், கங்காணியிடமும் துரையிடமும் கேட்கமுடியாத நியாயத்தை லயத்து மக்கள் அவரிடம் எதிர்பார்த்தனர். அட்டனில் 1931 இலேயே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர் சம்பள வெட்டைக் கண்டித்து மேடைதோறும் முழங்கினார்.

இவ்விடத்தில் எமது கருத்தையும் மறைக்க விரும்பவில்லை. பெரி சுந்தரம் பதவியிலிருந்த காலத்திற்றான் 1934 இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் 1935 இன் தொழிற்சங்கச் சட்டமும் நிறைவேறின. இரண்டும் இன்றளவும் தொழிலாளர்க்குப் பயன்படுபவை. எனினும் வெட்டிய கூலியை அவை மீட்டுத் தரவில்லை. ஆட்சிமுறை அவர் கையைக் கட்டியது மெய். ஆயின் கட்டுண்ட கையைச் சபையறியக் காட்டுவதும் மந்திரியின் கடனேயாம். குழுவின் முடிவென்று சொல்லி ஒதுங்க அம்முறை எவர்க்கும் இடந்தந்தது. அதுவே அதன் பெருங்குறை.

குழுவிடமும் திறைசேரியிடமும் கேட்க வழியற்ற கேள்வியை வாக்குச்சீட்டு கேட்டது. 1936 தேர்தலில் அட்டன் தொகுதி நடேசய்யர் வசமாயிற்று. அதன் பின் அமைந்த மந்திரிமார் சபையிலே தமிழர் ஒருவருக்கும் இடமில்லை. 1939 இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை விலக்க அச்சபை முனைந்தபோது, ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்து பேசவேண்டியதாயிற்று. பெரி சுந்தரம் பின்னர் இலங்கை இந்தியர் காங்கிரசிலும் செனட் சபையிலும் பணியாற்றினார்.

1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலாரின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1947 இல் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய காங்கிரஸ், 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாது நின்றது. அந்நிலை மாறுமுன்னரே, 1957 இல், பெரி சுந்தரம் காலமானார். தோட்ட மக்களின் பிரதிநிதியொருவர் மீண்டும் மந்திரியாசனத்தில் அமர்ந்தது 1978 இல், சௌமியமூர்த்தி தொண்டமான் பதவியேற்றபோதுதான். இடையே சென்றவை 42 ஆண்டுகள்.